நாலு மணிச் சிலை

"இந்தப் பூட்டை ஹேர்பின் வச்சே திறந்துடலாம்," என்றார் முதலாளி. எங்கள் ஆபீஸுக்குள் வந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அதனாலதான் சார், உள்ள திருடற மாதிரி ஒண்ணும் வைக்கல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாக என் ஜோக்குகளுக்கு அண்ணியும் அந்த அறையின் சுவரும் ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறார்கள்.

இந்தத் துப்பறியும் நிலையம் என் அண்ணன் ஆரம்பித்தது. ஐந்து மாதம் முன்பு ஒரு காலை, ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அடுத்த வாரமே அண்ணி வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முடியாமல் கிடந்த கேஸ் கட்டுகளைப் பிரித்தார். அதுவரை ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். நான் கல்யாண போட்டோகிராபர். எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு எனக்கு நேரம் மட்டும் ஏராளமாக மிஞ்சியது. அதை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். வேலை ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை.

முதலாளி பூட்டுத் தொழிற்சாலை நடத்துகிறவர். பூட்டு கம்பெனிக்காரரே திருட்டுப் புகாரோடு வந்திருக்கிறார் என்பதை வைத்து எனக்கு நாலைந்து வாசகம் தோன்றியது. அண்ணி என்னைப் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

"சாவித் துவாரமே வெளிய தெரியாத பூட்டு," என்றார் முதலாளி. "ரெண்டு வருஷ உழைப்பு. எங்க எட்டு பேரைத் தவிர யாரும் அந்த டிராயிங்கைப் பார்த்ததில்ல. போன வாரம் ஒரு டீலர் எனக்கு இதை அனுப்பி, 'இது உங்க பூட்டா, அவங்க பூட்டா'ன்னு கேக்கறாரு. அவருக்குக் காட்டினது போட்டிக் கம்பெனி ஆளு."

ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். கம்ப்யூட்டர் திரையை யாரோ போனால் எடுத்த படம், பெரிதாக அச்சிட்டது. நடுவில் பூட்டின் வரைபடம். வலது ஓரத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, எட்டுச் சின்னச் சதுரங்களில் எட்டு முகங்கள். எல்லோரும் கம்பெனிச் சீருடைச் சட்டையில் இருந்தார்கள்.

"தினமும் நாலு மணிக்கு வீடியோ மீட்டிங். ஆபீஸ் ஆளுங்க முக்கால்வாசிப் பேர் வீட்லேர்ந்துதான் வேலை. இந்த எட்டு பேர்ல ஒருத்தர்தான் எடுத்திருக்கணும். எட்டு பேரும் ஒண்ணா உப்பு தின்னவங்க."

"யார் மேல சந்தேகம்?" என்றார் அண்ணி.

"சிலை."

"யாரு?"

"டிராயிங் போடறவர். மீட்டிங்ல அவர் மூஞ்சி மட்டும் அப்படியே நின்னுடும். வாய் மூடியிருக்கும், குரல் பாட்டுக்கு வந்துட்டிருக்கும். ஆபீஸ்ல எல்லாரும் சிலைன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

"சிலை திருடு போய் கேள்விப்பட்டிருக்கேன்," என்றேன். "சிலையே திருடினதா இப்பதான் கேள்விப்படறேன்."

முதலாளி என்னை ஒரு ரசீது பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வீடியோ மெதுவா ஓடினா ஆள் திருடன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் அண்ணி.

"என் மச்சான் சொன்னான். பொண்டாட்டியோட தம்பி. கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் அவன் பொறுப்பு. ஆறேழு மாசமாத்தான் இவ்வளவு மோசம். இன்டர்நெட் லைனை மாத்தியாச்சு. மீட்டிங் ஆப்பை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டாச்சு. அப்பவும் திணறுதுன்னா, பின்னாடி திருட்டுத்தனமா ஏதோ ரெக்கார்டிங் ஓடுதுன்னுதான் அர்த்தமாம்."

"ரெக்கார்ட் பண்றவருக்கு, திரையைப் போன்ல படம் எடுக்க வேண்டிய அவசியம் என்ன?"

"நானும் கேட்டேன். ரெக்கார்டிங்கை ஓட விட்டுப் படம் எடுத்திருப்பார்னு சொன்னான்."

"கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதில் வச்சிருக்காரு போல," என்றேன்.

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை அவரை அனுப்பிடலாம்னு இருக்கேன். பத்தொன்பது வருஷம் என்கிட்ட இருந்தவர். ஒரு நாள் குரல் உசத்திப் பேசினதில்ல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். தப்பா அனுப்பிடக் கூடாது."

அன்று புதன்கிழமை.

"திருட்டை இப்போதைக்குத் தள்ளி வைப்போம்," என்றார் அண்ணி. "அவர் வீடியோ ஏன் மெதுவா ஓடுதுன்னு மட்டும் பாக்கறேன். எதுவும் சும்மா மெதுவா ஓடாது. வேற ஏதோ ஒரு வேலையைச் செஞ்சுட்டிருந்தாத்தான் மெதுவா ஓடும்."

கம்பெனியே முறையாகப் பதிவு செய்து வைத்திருந்த மீட்டிங்குகளை ஒரு பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார் முதலாளி. போகும்போது எங்கள் பூட்டை இன்னொரு முறை பார்த்துத் தலையை ஆட்டினார்.

மத்தியானம் முழுக்கச் சிலையைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலை, ஒடுங்கிய கன்னம். பின்னால் ஒரு அறை. ஜன்னல், பூப்போட்ட திரைச்சீலை, தையல் மிஷின், அதன்மேல் மடித்து வைத்த துணிகள், ஒரு மர ஸ்டூல். பேச ஆரம்பித்த நாலாவது நிமிஷம் முகம் உறையும். ஒரு தடவை பாதிக் கண்ணை மூடியபடி உறைந்துவிட்டார். அந்தக் கோலத்திலேயே ஸ்பிரிங்கின் தடிமனைப் பற்றி ஆறு நிமிஷம் பேசினார்.

"என்கிட்ட போட்டோ எடுத்துக்க வர்ற மாப்பிள்ளைங்க பாதிப் பேர் இப்படித்தான் நிப்பாங்க," என்றேன். "அவங்ககிட்ட நான் நெட்டைக் குறை சொன்னதில்ல."

அண்ணி ஒரு தாளில் இரண்டே வரி எழுதியிருந்தார். கேமரா அணைத்த நாட்களில் அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. குரல் எப்போதும் சிக்குவதில்லை.

"லைன் மோசமா இருந்தா குரலும் சேர்ந்துதான் உடையும்," என்றார். "அப்ப குத்தம் லைன்ல இல்ல. படத்துலதான் ஏதோ இருக்கு."

பதினோராவது பதிவில் சிலை பேச்சை நிறுத்திவிட்டு, "மன்னிக்கணும், இங்க நல்ல மழை, சத்தம் கேக்குதா?" என்றார். கேட்டது. தகரத்தின்மேல் கொட்டுகிற மாதிரி கேட்டது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அண்ணி, ஒரு நிமிஷம் பின்னாடி தள்ளுங்க. நிறுத்துங்க. அந்த ஜன்னலைப் பாருங்க."

ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தையல் மிஷினின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருந்தது. மற்றப் பதிவுகளை வரிசையாகத் திறந்தேன். கேமரா போட்டிருந்த எல்லா நாளிலும் அதே நிழல், அதே நீளம். இருபது வருஷம் வெளிச்சத்தை நம்பிப் பிழைத்தவன் நான். இத்தனை நாள் வெயில் ஒரே இடத்தில் நிற்காது.

"ஃபேன் காத்துல இவர் முடி பறக்குது," என்றார் அண்ணி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "திரைச்சீலை ஒரு நூல் கூட அசையல."

அவர் விரல் அந்தத் திரைச்சீலைமேல் நின்றது.

"இது ரூம் இல்ல தம்பி. ரூமோட போட்டோ."

மீட்டிங் ஆப்பில், பின்னணிக்கு ஒரு படத்தை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது சும்மா நடப்பதில்லை. ஆளை ஓரம் பார்த்து வெட்டி எடுத்து, படத்தின்மேல் ஒட்ட வேண்டும். ஒரு நொடிக்கு இருபது முப்பது தடவை. அண்ணி இதைச் சொன்னபோது, "நான் கல்யாண ஆல்பத்துக்கு ஒரு நாள் பூரா உக்காந்து பண்ற வேலை அது," என்றேன்.

"பழைய மெஷினுக்கு மூச்சு வாங்கும். வீடியோ நிக்கும். குரலுக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்கு ரெக்கார்டிங்கே தேவையில்ல."

"சரி. ஆனா மத்தவங்க கடலைப் போட்டுக்குவாங்க, மலையைப் போட்டுக்குவாங்க. இவர் என்னத்துக்கு ஒரு சாதா ரூமை?"

அண்ணி முதலாளிக்குப் போன் செய்து அந்த அறையை விவரித்தார். அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். "அவர் வீடுதான் மேடம். ரெண்டு மூணு வருஷம் முன்னாடி போயிருக்கேன். தையல் மிஷின் அவர் வீட்டுக்காரம்மாவோடது."

சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சொந்த வீட்டின் படத்தைப் பின்னால் போட்டுக்கொள்கிற மனிதர். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. "அந்த ரூம்ல மீட்டிங் நேரத்துல யாரோ இருக்காங்க அண்ணி. போனோட."

அண்ணி மறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சிலையின் வீட்டு மணியை அடித்தோம். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடியிலேயே என் நகைச்சுவை தீர்ந்துவிட்டது.

அவரே கதவைத் திறந்தார். நேரில் பார்த்தால் முகம் அசைந்தது. அதுவே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. காலையிலேயே சீருடைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். இடது மார்பில் பை, பைமேல் கம்பெனியின் பூட்டுச் சின்னம்.

"கம்பெனிலேர்ந்து அனுப்பினாங்க," என்றார் அண்ணி. "மீட்டிங் மெதுவா ஓடுதாமே. சரி பண்ண வந்திருக்கோம்." அதில் பொய் எதுவும் இல்லை.

"உக்காருங்க மேடம். மெஷினை இங்கயே எடுத்துட்டு வரேன்."

"இருக்கற இடத்துலயே பாத்தாத்தான் தெரியும்."

அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. உள்ளே யார் இருந்தாலும் ஒரு படம் எடுத்துவிடலாம்.

"வாங்க," என்று கதவைத் தள்ளினார்.

உள்ளே யாரும் இல்லை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜைமேல் பழைய லேப்டாப். அவ்வளவுதான். தையல் மிஷின் இல்லை. ஸ்டூல் இல்லை. ஜன்னலில் திரைச்சீலை இல்லை, வளையங்கள் மட்டும் கம்பியில் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. சுவரில் எதையோ மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. தரையில் மிஷினின் கால்கள் பதிந்த நாலு குழிகள்.

எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்று பார்க்க வந்தோம். அவர் ஒளித்து வைத்திருந்தது ஒன்றுமில்லாததை.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். எந்த புரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். ரெக்கார்டிங் எதுவும் இல்லை. சும்மா திறந்து கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மூடினார். மெஷின் ஆன் ஆனதுமே தானாகக் கிளம்பும் ஏழெட்டு புரோகிராம்களை நிறுத்தினார். வீடியோவின் தரத்தை ஒரு படி குறைத்தார். பிறகு ஆள் இல்லாத ஒரு சோதனை மீட்டிங்கைத் தொடங்கி, அவரைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்.

திரையில் அவர் வந்தார். பின்னால் வெயில், திரைச்சீலை, தையல் மிஷின். இரண்டு நிமிஷத்தில் லேப்டாப்பின் உள்விசிறி பிரஷர் ஏறினவர் மாதிரி இரைய ஆரம்பித்தது. அவர் முகம் நின்றது.

"மிச்சம் இது ஒண்ணுதான்," என்று அண்ணி பின்னணிப் படத்தை எடுத்துவிட்டார்.

விசிறி அடங்கியது. வீடியோ தண்ணீர் மாதிரி ஓடியது. அவர் கண் இமைப்பது கூடத் தெரிந்தது. பின்னால் மொட்டைச் சுவர்.

"சரியாயிடுச்சு," என்றேன்.

"திரும்பப் போட்டுடுங்க மேடம்," என்றார் அவர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அண்ணி போடவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. காத்திருந்தார். அண்ணன் இப்படித்தான் காத்திருப்பார். ஆனால் அண்ணன் காத்திருக்கும்போது பேனாவைத் தட்டுவார். அண்ணியின் கை சும்மா இருந்தது.

"அவதான் அந்தப் போட்டோவை எடுத்தா," என்றார் அவர் கடைசியில். "நான் வீட்லேர்ந்து வேலை பாக்க ஆரம்பிச்சப்போ, அவ தைக்கற இடமும் இதுதான், என் மீட்டிங்கும் இங்கதான். குறுக்க நெடுக்க நடப்பா. ஆபீஸ்ல பாப்பாங்களேன்னு கூச்சம். ஒரு நாள் ரூமைத் துடைச்சு, துணியெல்லாம் மடிச்சு வச்சு, படம் எடுத்துக் குடுத்தா. 'இதைப் பின்னாடி போட்டுக்கோங்க, நான் பாட்டுக்கு நடந்துக்கறேன்'னா. அப்பப்ப கை மட்டும் தெரியும். கத்தரிக்கோலோட. யாரும் கவனிச்சதில்ல."

"எப்ப?" என்றார் அண்ணி.

"எட்டு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை போனா. திங்கக்கிழமை காரியமெல்லாம் முடிஞ்சுது. செவ்வாக்கிழமை மீட்டிங்ல உக்காந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. முதல் மாசமே அவ தங்கச்சியைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடும்மான்னேன். பாக்க முடியல. எடுத்துட்டுப் போனப்புறம், இதையும் பாக்க முடியல." அவர் சுவரைக் காட்டினார். "நாலு மணிக்கு மட்டும் ரூம் இருக்கும். முன்னெல்லாம் மீட்டிங்குக்கு மட்டும்தான் போடுவேன். இப்ப காலைல மெஷினைத் திறந்ததும் போட்டுடறேன். அழுகையெல்லாம் ஒண்ணும் வரல மேடம். ஒண்ணுமே வரல. பல்லுக்கு மரத்துப் போக ஊசி போட்டா இருக்குமே, அந்த மாதிரி."

பகல் முழுக்கப் படத்தை ஓடவிட்டால் நாலு மணிக்குள் மெஷின் கொதித்துவிடும். ஆறேழு மாதமாக மோசம் என்பதற்கும் கணக்கு சரியாக வந்தது. வந்து என்ன.

"எனக்கு அஞ்சு மாசம்," என்றார் அண்ணி.

அவர் அண்ணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையில் இருந்த குழிகளை எண்ணினேன். நாலுதான்.

"சரியாகுமா மேடம்?"

"தெரியல. காலைல எந்திரிச்சு வேலைக்கு வரேன்."

அண்ணி பின்னணிப் படத்தைத் திரும்பப் போட்டார். விசிறி இரைந்தது. மூன்று பேரும் அந்த அறையைப் பார்த்தோம்.

"நிஜத்துல மிஷின் அந்தப் பக்கம் இருந்துச்சு," என்று அவர் கையை நீட்டினார். "ஸ்கிரீன்ல மாறிக் காட்டும். அவங்கவங்க படம் அவங்கவங்களுக்குக் கண்ணாடில பாக்கற மாதிரிதான் தெரியும், இடம் வலமா. மத்தவங்களுக்கு நேராத் தெரியும். முதல்ல உறுத்துச்சு. பழகிடுச்சு."

அண்ணியின் முதுகு நிமிர்ந்தது. "தம்பி. அந்தப் படத்தை எடுங்க."

பையிலிருந்து முதலாளி கொடுத்த தாளை எடுத்தேன்.

"திரைல இவர் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு?"

பார்த்தேன். இடது மார்பில் இருக்க வேண்டிய பை, திரையில் வலது மார்புக்குப் போயிருந்தது. கண்ணாடிதான்.

"இவர் தன் திரையைப் படம் எடுத்திருந்தா, இவரோட பை மட்டும்தான் வலது மார்புல இருக்கணும். தாள்ல பாருங்க."

தாளில் இவருடைய சதுரம் மேலிருந்து ஆறாவது. பாதிக் கண் மூடியிருந்தது. பை இடது மார்பில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"அப்ப இது இவர் மெஷின் இல்ல," என்றேன். மற்ற ஏழு சதுரங்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டு போனேன். ஒன்றே ஒன்றில் பை வலது மார்பில் இருந்தது. நெகடிவைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்து, கல்யாணப் பொண்ணின் அப்பாவிடம் திட்டு வாங்கியவன் நான். இரண்டு நாளாகத் தாளைக் கையில் வைத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணி அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார். சிலையிடம் ஒன்றும் சொல்லவில்லை. "மீட்டிங் இல்லாத நேரத்துல மெஷினை அணைச்சு வைங்க. கொஞ்சம் ஆறட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானமே முதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் அறையில் மச்சானும் இருந்தான். முப்பது வயது, பளபளப்பான புது லேப்டாப், பையில் இரண்டு பேனா.

"சிலையைப் பிடிச்சுட்டீங்களா மேடம்?" என்றான்.

"காரணத்தைப் பிடிச்சோம்," என்றார் அண்ணி. "அவர் பின்னணிக்கு ஒரு படம் போட்டுக்கறார். மெஷின் ரொம்பப் பழசு, தாங்கல. ரெக்கார்டிங் எதுவும் கிடையாது."

"அதெல்லாம் அழிச்சிருப்பார் மேடம்."

"இருக்கலாம். ஒரு சின்ன சோதனை. ரெண்டு பேரும் உங்க உங்க மெஷின்ல மீட்டிங்கைத் திறங்க."

முதலாளி திறந்தார். அண்ணி அவருடைய திரையைக் காட்டினார். முதலாளி தன் இடது பையைத் தொட்டார். திரையில் இருந்தவர் வலது பையைத் தொட்டார். வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"கண்ணாடி," என்றார் அண்ணி. "தன் திரைல மட்டும், தன் படம் மட்டும் இப்படித் தெரியும். இப்ப இந்தத் தாளைப் பாருங்க. யாரோட திரையைப் படம் எடுத்தாங்களோ, அவரோட பை மட்டும் இடம் மாறியிருக்கும்."

முதலாளி மேலிருந்து விரலை நகர்த்தினார். மூன்றாவது சதுரத்தில் நின்றது. வலது மார்பில் பை. பையில் இரண்டு பேனா.

மச்சான் தன் லேப்டாப்பைத் திறக்கவில்லை. "மாமா, இதெல்லாம் ஒரு ஆதாரமா? படத்தை யாரோ திருப்பிப் போட்டிருப்பாங்க."

"திருப்பினா எட்டு பேரும் சேர்ந்து திரும்புவாங்க," என்றேன். "நடுவுல இருக்கற டிராயிங்ல எழுத்தும் திரும்பும். ஒருத்தர் மட்டும் திரும்பறதுன்னா, அது நீங்களாத் திரும்பினதுதான்."

சுவரில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி தாளைக் கீழே வைத்தார்.

"ஏன் மாப்ள?"

"ஆறு வருஷமா இருக்கேன் மாமா. ஒயர் மாட்டறவன்னுதானே எல்லாரும் பாக்கறாங்க. போட்டிக் கம்பெனிக்காரங்க எனக்கு ஒரு பிரிவையே தரேன்னாங்க."

"அதுக்குப் பத்தொன்பது வருஷக்காரரை மாட்டி விட்டியா."

"அவர்தான் யார்கிட்டயும் பேசறதில்லயே. சண்டைக்கு வர மாட்டார்னு நினைச்சேன்."

முதலாளி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். "வீட்டுக்குப் போ," என்றார். "உங்க அக்காகிட்ட நீயே சொல்லு. எனக்கு முன்னாடி போய்ச் சொல்லு."

அவன் போன பிறகு அண்ணி மேஜைமேல் இருந்த புது லேப்டாப்பைத் தொட்டுக் காட்டினார். "டிராயிங்காரர் ரெண்டு தடவை புது மெஷின் கேட்டு எழுதியிருக்கார், அவர் மெஷின்லயே பாத்தேன். வந்த புது மெஷின் உங்க மச்சான்கிட்டயே நின்னுடுச்சு. இதைத் துடைச்சு அவருக்குக் குடுத்துடுங்க. வேகப் பிரச்சினை தீர்ந்துடும்."

"கட்டாயம். ஆனா மேடம், அவர் எதுக்குப் பின்னாடி படம் போடறார்?"

"அது அவர் வீட்டு விஷயம். கேஸ்ல வராது."

திங்கட்கிழமை நாலு மணி மீட்டிங்கில் எங்களையும் இருக்கச் சொன்னார் முதலாளி. வேகம் சரியாகிவிட்டதா என்று பார்க்க. அண்ணி உள்ளறையில் தன் மெஷினில் உட்கார்ந்தார். நான் முன்னறையில் என்னுடையதில். இருவரும் கேமராவை அணைத்திருந்தோம். திரையில் எங்களுக்கு இரண்டு கறுப்புச் சதுரங்கள், மற்றவர்களுக்கு ஏழு முகங்கள்.

டிராயிங்காரர் பேசினார். ஒரு தடவை கூட நிற்கவில்லை. பின்னால் அதே வெயில், அதே மிஷின்.

"என்ன அண்ணே, இன்னிக்குக் கண்ணெல்லாம் சிமிட்டறீங்க," என்றார் ஸ்டோர் பார்க்கும் பெண். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"ஆமாம்மா, புது மெஷின்." அவர் வரைபடத்தின் இரண்டாவது பக்கத்துக்குப் போனார். ஸ்பிரிங்கைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். உறைந்துவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை, கண் இமைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு விஷயம். பின்னாடி தெரியற ரூம் இப்ப இல்ல. அது போட்டோ. என் வீட்டுக்காரி போய் எட்டு மாசம் ஆச்சு. சொல்லணும்னு நினைச்சேன். நாலு மணி மீட்டிங்ல சொல்ற விஷயமா இதுன்னு விட்டுட்டேன். அவ்வளவுதான்."

எல்லாச் சதுரமும் அப்படியே நின்றன. முதலாளியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸ்டோர் பெண்ணின் கை பாதி வழியில், கன்னத்துக்குப் போகாமல் நின்றது. என் லைன் போய்விட்டது என்று நினைத்து மூலையில் இருந்த அடையாளத்தைப் பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆப்பில் யாரிடமிருந்து சத்தம் வருகிறதோ, அவருடைய சதுரத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு வரும். அது வந்தது. கறுப்புச் சதுரம் ஒன்றைச் சுற்றி வந்து, மறைந்து, மறுபடி வந்தது. என்னுடையது இல்லை.

அண்ணி மைக்கை மூட மறந்திருந்தார்.

எனக்கு அந்த அழுகை இரண்டு தடவை கேட்டது. சுவர் வழியாக முதலில், அரை நொடி தாமதமாக ஸ்பீக்கர் வழியாக. அண்ணன் போன அன்றும் நான் இந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. யாரும் மைக்கை அணைக்கச் சொல்லவில்லை. யார் என்று முதலாளி கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஜோக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் உதவாது என்று தெரிந்த பிறகு, எழுந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்தேன்.

அண்ணியின் மெஷினிலிருந்தும், பின்னால் என் மெஷினிலிருந்தும் டிராயிங்காரரின் குரல் வந்தது.

"மெதுவா, மேடம். மெதுவா. இங்க யாருக்கும் அவசரமில்ல."